நாராவுக்கு அரை நாள் போதுமா, ஓர் இரவு தங்க வேண்டுமா?

அரைடிக்கெட்:

வணக்கம் மக்களே. நவம்பர் முதல் வாரம் ஜப்பான் போகிறோம், விமானச் சீட்டு எடுத்தாகிவிட்டது, இனி பின்வாங்க முடியாது. மொத்தம் ஐந்து பேர்: நான், மனைவி, ஏழு வயது மகள், அப்பா, அம்மா. அப்பாவுக்கு 68 வயது, வலது முழங்கால் தகராறு, சமதரையில் நன்றாக நடப்பார், படி என்றால் முகம் மாறிவிடும். அம்மா முட்டைகூடத் தொடமாட்டார்.

இப்போதைய திட்டம் இது. ஒசாகாவில் இறங்கி நேரே கியோட்டோ, அங்கே ஐந்து இரவு. நடுவில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு நாரா, மானுக்குத் தீனி, பெரிய புத்தர், மதியச் சாப்பாடு, மூன்று மணிக்குக் கிளம்பி வருகிற வழியில் ஃபுஷிமி இனாரி கோவில். வீடியோ போடுகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள். போய்வந்தவர்கள் சொல்லுங்கள், இது சரிதானா? இதற்கு மேல் நாராவில் பார்க்க என்ன இருக்கிறது?

நடைராஜா:

சரியில்லை.

கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் முதல் தடவை அச்சு அசலாக இதையேதான் செய்தேன். பத்து மணிக்குப் போனால் கியோட்டோவிலிருந்தும் ஒசாகாவிலிருந்தும் கிளம்பிய அத்தனை பேரும் அதே பத்து மணிக்குத்தான் வந்து இறங்குகிறார்கள், பெரிய புத்தர் இருக்கும் தோதாய்ஜி கோவிலுக்குப் போகும் பாதையில் முன்னால் போகிறவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தேன், புத்தரைப் பார்த்தேன், மானோடு படம் எடுத்தேன், மூன்று மணிக்கு ரயில் ஏறிவிட்டேன். ஊருக்கு வந்து யாராவது நாரா எப்படி என்று கேட்டால் "மான் இருக்கிறது" என்பதைத் தவிர சொல்ல எதுவும் இல்லை.

இரண்டாவது தடவை ஓர் இரவு தங்கினேன். நாலு, நாலரைக்கு மேல் அந்த ஊர் வேறு ஊராகிவிடுகிறது. பேருந்துகள் போய்விடும், பிஸ்கட் விற்கும் பாட்டிமார் தள்ளுவண்டியை மூடிவிடுவார்கள், மான்களும் இனி இந்த மனிதர்களிடம் ஒன்றும் தேறாது என்று புல்தரையில் கால் மடக்கிப் படுத்துவிடும். தோதாய்ஜிக்குப் பின்னால் மேட்டில் நிகாட்சுதோ என்று ஒரு மண்டபம், மரத்தூண்கள் மேல் மாடம் போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், காசு கிடையாது, கதவு அடைப்பதும் கிடையாது, நடுராத்திரி போனாலும் நின்று பார்க்கலாம். அங்கே நின்றால் கீழே பெரிய புத்தர் மண்டபத்தின் கூரை, அதற்கு அந்தப் பக்கம் ஊர், மலைக்குப் பின்னால் இறங்கும் சூரியன். அன்று அங்கே ஏழெட்டுப் பேர்தான் இருந்தோம், யாரும் பேசவில்லை. நவம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலையும் அப்படித்தான். புத்தர் மண்டபம் நவம்பரில் எட்டு மணிக்குத் திறக்கிறார்கள் (ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஏழரை). எட்டு மணிக்கு உள்ளே போனவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆகவே என் கட்சி ஒன்றுதான்: நாராவில் நல்லது எல்லாம் காலையிலும் சாயங்காலத்திலும் இருக்கிறது, நீங்கள் திட்டம் போட்டிருப்பது நடுவில் உள்ள அந்த ஐந்து மணி நேரத்துக்கு.

மூட்டைமுடிச்சு:

நடைராஜா அண்ணன் கவிதையாக எழுதுவார், நம்பி ஏமாறாதீர்கள். வயதான பெற்றோர், குழந்தை, ஆளுக்கொரு பெட்டி. ஓர் இரவுக்காக எல்லாவற்றையும் கட்டி, ரயில் ஏற்றி, புது விடுதியில் இறக்கி, மறுநாள் திரும்பக் கட்டி, அதிலேயே அரை நாள் போய்விடும். நான் அரை நாளில் நாரா பார்த்தேன், எனக்கு எந்தக் குறையும் இல்லை. இன்னொன்றும் சொல்கிறேன், ராத்திரி எட்டு மணிக்கு மேல் அங்கே சாப்பாட்டுக்கு அலைய வேண்டும், பெரும்பாலான கடைகள் அடைத்துவிடுகிறார்கள். அமைதி நல்லதுதான், பசியோடு இருக்கும் ஏழு வயதுப் பிள்ளைக்கு அமைதியை வைத்து என்ன செய்வது?

கியோட்டோவிலேயே பார்த்து முடிக்காதது ஆயிரம் இருக்கும். ஐந்து இரவையும் அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒசாகாவாசி:

இரண்டு பேர் சொல்வதும் உண்மை, ஆனால் பெட்டிப் பிரச்சினைக்கு இங்கே எப்போதோ வழி கண்டுபிடித்துவிட்டார்கள். தக்யுபின் என்று கேளுங்கள், விடுதி வரவேற்பிலேயே பெரிய பெட்டிகளைக் கொடுத்தால் அடுத்து தங்கப்போகும் விடுதிக்கு, பெரும்பாலும் மறுநாள், போய்ச் சேர்ந்துவிடும். நான் இங்கே வந்த புதிதில் நம்பவில்லை, இப்போது பெட்டி இழுத்துக்கொண்டு ரயில் ஏறுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

என் யோசனை: நாராவை நடுவில் வைக்காதீர்கள், கடைசியில் வையுங்கள். கியோட்டோ நான்கு இரவு, நாரா ஓர் இரவு, நாராவிலிருந்தே கன்சாய் விமான நிலையத்துக்கு நேரடிப் பேருந்து இருக்கிறது, ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். பெட்டிகளைப் பேருந்தின் வயிற்றில் போட்டுவிடலாம், அப்பா படி ஏறி இறங்க வேண்டாம்.

கியோட்டோவிலிருந்து வர இரண்டு ரயில். ஜேஆர் நிறுவனத்தின் வண்டி ஒன்று, கின்டெட்சு நிறுவனத்தின் வண்டி ஒன்று. ஜேஆரின் மியாகோஜி விரைவு வண்டி முக்கால் மணி நேரம், கின்டெட்சுவின் சிறப்பு விரைவு வண்டிக்குக் கூடுதல் கட்டணம், ஆனால் இருக்கை உறுதி, 35 நிமிடம்தான். உங்களுக்கு கின்டெட்சுதான் சரி, ஏனென்றால் அந்த நிலையத்தில் இறங்கி வெளியே வந்தால் கொஞ்ச தூரத்திலேயே மான் நிற்கும், ஜேஆர் நிலையத்தில் இறங்கினால் அங்கே வரவே கால் மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டும். ஜேஆர் பாஸ் கின்டெட்சுவில் செல்லாது. அந்தப் பாஸை உங்கள் பயணத்துக்கு வாங்கவும் வேண்டாம், 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸ் 29,650 யென்னிலிருந்து ஒரே தாவாக 50,000 ஆகிவிட்டது, கன்சாய்க்குள், அதாவது ஒசாகா, கியோட்டோ, நாரா வட்டாரத்துக்குள், சுற்றுகிறவர்களுக்கு அது வீண்செலவு. ஆளுக்கொரு இக்கோகா அட்டை, பணம் ஏற்றி ரயிலில் தட்டிப் போகிற அட்டை, போதும்.

ஃபுஷிமி இனாரி போகிறவர்கள் கவனிக்க: மியாகோஜி விரைவு இனாரியில் நிற்காது, சாதா வண்டிக்கு மாற வேண்டும். அப்புறம், அங்கே மலை முழுக்கப் படி. அப்பாவை அடிவாரத்திலேயே உட்காரவைத்துவிடுங்கள்.

பழையகல்:

"மேல் பார்க்க என்ன இருக்கிறது" என்று கேட்டுவிட்டீர்கள், இனி என்னைக் குறை சொல்லக்கூடாது, கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

கியோட்டோ தலைநகரானது 794ல். அதற்கு முன்பே, 710 முதல் 784 வரை, நாராதான் தலைநகர், அப்போது பெயர் ஹெய்ஜோ. அந்த எழுபத்துச் சொச்சம் ஆண்டுகளில்தான் பௌத்தம் அரசாங்க மதம் போல ஆனது. 735 தொடங்கி மூன்று ஆண்டு பெரியம்மை நாட்டை அழித்தது, அரசவையில் பெரிய தலைகளே போய்விட்டன. ஷோமு சக்கரவர்த்தி 743ல் ஒரு மாபெரும் புத்தரை வார்க்கும்படி ஆணையிட்டார். நாட்டில் இருந்த வெண்கலமெல்லாம் அதிலேயே கரைந்தது என்பார்கள். ஏறக்குறைய 15 மீட்டர் உயரம், உட்கார்ந்த நிலையில்.

நம் ஆட்கள் யாரும் சொல்லாத விஷயம் இப்போது வருகிறது. 752ல் அந்தப் புத்தருக்குக் கண் திறந்தவர் ஓர் இந்தியத் துறவி, போதிசேனர். 736ல் ஜப்பான் வந்து சேர்ந்தவர், கூடவே இன்றைய வியட்நாம் பக்கத்திலிருந்து ஓர் இசைத்துறவியும் வந்தார். நம் ஊரில் சிலைக்குக் கண் திறக்கும் சடங்கு இருக்கிறதல்லவா, அதேதான், தூரிகையால் கண்மணி எழுதுவது. அந்தத் தூரிகையில் நீண்ட கயிறு கட்டி, அதன் மறுமுனையை ஷோமுவும் அரசவையினரும் பிடித்துக்கொண்டார்களாம், கண் திறக்கும் புண்ணியத்தில் எல்லோருக்கும் பங்கு. அந்தத் தூரிகையும் கயிறும் இன்னும் இருக்கின்றன! தோதாய்ஜிக்குப் பின்னால் ஷோசோயின் என்ற மரக் களஞ்சியத்தில் சக்கரவர்த்தியின் பொருள்கள் உட்பட சுமார் ஒன்பதாயிரம் பொருள்கள் காப்பாற்றப்பட்டன. 756ல் அரசி அங்கே கொடுத்த மருந்துப் பட்டியலில் அறுபது சரக்கு, அதில் ஒன்று மிளகு. எட்டாம் நூற்றாண்டில் நாராவில் மிளகு மருந்துப்பெட்டியில் இருந்தது என்று அம்மாவிடம் சொல்லுங்கள், ரசம் வைக்கும்போது நினைத்துக்கொள்வார்.

நீங்கள் போகும் நேரத்துக்கு ஒரு யோகம் இருக்கிறது. அந்தக் களஞ்சியப் பொருள்களில் சிலவற்றை ஆண்டுக்கு ஒரு தடவை, அக்டோபர் கடைசி முதல் நவம்பர் தொடக்கம் வரை, நாரா தேசிய அருங்காட்சியகத்தில் வைப்பார்கள். ஒவ்வோர் ஆண்டும் பொருள்கள் மாறும். நேரம் குறித்த சீட்டு முன்பே எடுக்க வேண்டும், கூட்டம் நெருக்கும்.

கடைசியாக, கோஃபுகுஜி கோவில். ஐந்தடுக்குக் கோபுரம் இப்போது பழுதுபார்ப்பில் மூடிக்கிடக்கிறது, பல ஆண்டு வேலை, அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். பக்கத்திலேயே பொக்கிஷக் கூடம். உள்ளே 734ல் செய்த ஓர் அசுரன் நிற்கிறான், மூன்று முகம், ஆறு கை, மெலிந்த உடம்பு, பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன் அழப்போவது போன்ற முகம். துணியின் மேல் அரக்குப் பூசிப் பூசிச் செய்தது, உள்ளே கூடு, எடை குறைவு, அதனால்தான் தீப்பிடித்தபோதெல்லாம் தூக்கிக்கொண்டு ஓட முடிந்தது. பக்கத்தில் கந்தர்வன், கருடன், கின்னரன், கும்பாண்டன். பெயர்ப்பலகையில் ஜப்பானிய உச்சரிப்பில் இருக்கும், வாய்விட்டுப் படித்தால் பிடிபடும். நம் கோவில் தூணில் கோரைப்பல்லோடு பார்த்த அசுரனை மனதில் வைத்துக்கொண்டு போனால் இந்த முகம் உங்களைச் சும்மா விடாது.

மூட்டைமுடிச்சு:

பழையகல் ஐயா, புத்தரைப் பற்றிச் சொன்னீர்கள், ஆனால் நீங்கள் பார்த்தது 752 புத்தர் இல்லை. 855 பூகம்பத்தில் தலை விழுந்தது, 1180லும் 1567லும் போரில் மண்டபம் எரிந்தது, இப்போது இருக்கிற தலை பதினேழாம் நூற்றாண்டுக் கடைசியில் செய்தது. கட்டடம் 1709. "உலகிலேயே பெரிய மரக்கட்டடம்" என்று இன்னும் வழிகாட்டிகள் சொல்கிறார்கள், அதுவும் இப்போது இல்லை.

பழையகல்:

எல்லாம் சரி. பழைய மண்டபம் 86 மீட்டர் அகலம், இப்போது இருப்பது 57, பணமும் மரமும் கிடைக்காமல் சுருக்கிக் கட்டினார்கள். ஆனால் புத்தர் உட்கார்ந்திருக்கும் தாமரையில் சில இதழ்கள் அந்தக் காலத்தவையே, கோட்டுச் சித்திரம் செதுக்கியிருக்கும், பக்கவாட்டில் போய்ப் பாருங்கள். தலை மாறிவிட்டது என்பதற்காக அவரைப் புது ஆள் என்றால் திருப்பணி நடந்த நம் கோவில் ஒவ்வொன்றையும் புதுசு என்றுதான் சொல்ல வேண்டும்.

பழசு மட்டும்தான் வேண்டும் என்றால் ஹோர்யூஜி கோவிலுக்குப் போங்கள். ஜேஆர் நாராவிலிருந்து பத்துப் பன்னிரண்டு நிமிடம், இறங்கிப் பேருந்து. உலகில் இன்றும் நிற்கிற மரக்கட்டடங்களில் மிகப் பழையவை அங்கேதான். அங்கே போகிறவர்கள் குறைவு.

சிங்கைக்காரி:

மான் பற்றி யாரும் உருப்படியாகச் சொல்லவில்லையே. பிள்ளையோடு போகிறவர்களுக்கு அதுதான் முதல் பாடம்.

அந்தப் பூங்காவில் ஆயிரத்துக்கு மேல் மான், வேலி கிடையாது, காட்டு மான், யாருக்கும் சொந்தமில்லை. காசுகா கோவில் தெய்வம் வெள்ளை மான் மேல் ஏறி வந்ததாக நம்பிக்கை, அதனால் அவற்றுக்கு ராஜ மரியாதை. பிஸ்கட் கட்டு 200 யென், அரிசித் தவிடும் மாவும் மட்டும், சர்க்கரை கிடையாது. தலை குனிந்தால் மானும் தலை குனியும், அது அழகுதான், ஆனால் அது பொறுமையின் அடையாளம் இல்லை. இரண்டு தடவை குனிந்தும் பிஸ்கட் வரவில்லை என்றால் மூன்றாவது தடவை முட்டும். என் மகன் படம் சரியாக வரட்டும் என்று பிஸ்கட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தான், பின்னாலிருந்து வந்த ஒன்று கால்சட்டையோடு சேர்த்துக் கடித்தது. என் துப்பட்டாவின் முனை ஒரு சாண் அளவுக்குப் போனது. அம்மா புடவை கட்டுவார் என்றால் முந்தானையை இடுப்பில் செருகச் சொல்லுங்கள், கிண்டல் இல்லை.

அக்டோபர், நவம்பர் ஆண் மான்களுக்கு இணைசேரும் காலம், கொம்பு உள்ளதை நெருங்கவே வேண்டாம். அக்டோபரில் சடங்காகப் பிடித்துக் கொம்பை அறுத்துவிடுகிறார்கள், எல்லாவற்றுக்கும் இல்லை. பிஸ்கட்டை வாங்கியதும் தயங்காமல் கொடுத்துவிட வேண்டும், தீர்ந்ததும் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்ட வேண்டும். அது புரிந்துகொண்டு போய்விடும், சத்தியமாக.

பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள். 2019ல் செத்த மான்களின் வயிற்றிலிருந்து கிலோ கணக்கில் பை எடுத்தார்கள்.

அரைடிக்கெட்:

அப்பா இழையை முழுக்கப் படித்துவிட்டு "அசுரனைப் பார்க்காமல் வரமாட்டேன்" என்கிறார். தங்குவது என்று முடிவாகிவிட்டது, ஒசாகாவாசி சொன்ன மாதிரி கடைசி இரவு. மூட்டைமுடிச்சு அண்ணன் கேட்ட சாப்பாட்டுக் கேள்விதான் பாக்கி. அம்மாவுக்கு என்ன செய்வது?

தயிர்சாதம்:

என் துறைக்கு வந்துவிட்டீர்கள்.

ஜப்பானில் சைவத்துக்கு எதிரி இறைச்சி இல்லை, தாஷி. சூப், குழம்பு, வேகவைத்த காய், டோஃபு எதிலும் அந்த வடிநீர் இருக்கும். அது பெரும்பாலும் கத்சுவோபுஷி, நம் மாசிக்கருவாடு மாதிரி காய்ந்த சூரை மீனைச் சீவிக் கொதிக்கவைத்து வடித்தது. பரிமாறுகிறவருக்கு அது மீன் என்றே தோன்றாது, "மீன் இல்லை" என்று மனதாரச் சொல்லிவிடுவார். ஆகவே "சைவம்" என்று கேட்காதீர்கள், தாஷி வேண்டாம் என்று தனியாகச் சொல்லுங்கள். அலைபேசியில் "நிக்கு, சகானா, தமாகோ, தாஷி தபெராரெமாசென்" என்று ஜப்பானிய எழுத்தில் வைத்துக் காட்டுங்கள்: இறைச்சி, மீன், முட்டை, தாஷி சாப்பிட முடியாது.

நாராவில் அம்மாவுக்குப் பிடிக்கக்கூடியது ஒன்று உண்டு, சாகயு. வறுத்த தேயிலைத் தண்ணீரில் அரிசியைக் குழைய விட்ட கஞ்சி. அந்த ஊர்க்காரர்களின் காலை உணவு, துறவிகளும் குடித்தது. நிறம் பார்த்தால் நம் கேழ்வரகுக் கஞ்சி நீர்த்த மாதிரி இருக்கும், வாசனை தேநீர். தொட்டுக்கொள்ள வரும் நாராசுகே ஊறுகாயைப் பற்றி எச்சரிக்கை: வெள்ளரி, பூசணி வகைக் காய்களை அரிசி மதுவின் கசட்டில் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் ஊறவைப்பது, கடித்தால் மண்டைக்கு ஏறும். சொல்லாமல் கொடுத்துவிட்டு அப்புறம் அம்மாவிடம் திட்டு வாங்காதீர்கள். உங்களுக்கு வேண்டுமானால் ககினோஹா சுஷி சாப்பிடுங்கள், காக்கி என்கிற பெர்சிமன் பழ மரத்தின் இலையில் சோற்றோடு கட்டிய கானாங்கெளுத்தி மீன் துண்டு, ரயிலுக்கும் எடுத்துப் போகலாம்.

இதெல்லாம் கிடைக்காத நேரத்துக்கு: உப்பு மட்டும் போட்ட சோற்று உருண்டை, ஷியோ முசுபி என்பார்கள், சிறு கடைகளில் தேடினால் சில இடத்தில் இருக்கும். வாழைப்பழம், வேர்க்கடலை, வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு. புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில் கொண்டு போங்கள். வெறும் சோறு, கோஹான், எங்கும் கிடைக்கும், அந்தச் சோறு ஒட்டும், ஆனாலும் புளியோதரை புளியோதரைதான்.

சிங்கைக்காரி:

அம்மாவுக்கு இன்னொரு இடம். நாராவுக்கும் ஒசாகாவுக்கும் நடுவில் இகோமா மலையில் ஹோசன்ஜி என்று கோவில், அங்கே வழிபடுகிற கங்கிதென் வேறு யாருமில்லை, நம் பிள்ளையார். சிலையை யாருக்கும் காட்டமாட்டார்கள், மறைபொருள். ஆனால் எங்கே பார்த்தாலும் முள்ளங்கிதான் சின்னம், இரண்டு முள்ளங்கி பின்னிக்கொண்ட மாதிரி. கொழுக்கட்டை நாட்டில் பிறந்தவர் முள்ளங்கிக்கு மாறியது எப்படி என்று அன்று முழுக்க எங்களுக்குள் பட்டிமன்றம். மலைமேல் போகக் கம்பி இழுக்கும் ரயில், 1918ல் ஓடத் தொடங்கியது, ஜப்பானில் இந்த வகையில் அதுதான் முதல். வண்டி நாய் வடிவத்திலும் பூனை வடிவத்திலும் இருக்கும், மகள் இறங்கமாட்டாள். ஆனால் இறங்கிய பிறகு கோவில்வரை கல்படிகள், அப்பாவுக்கு ஆகாது.

மூட்டைமுடிச்சு:

ஓர் இரவில் நாரா, ஹோர்யூஜி, இகோமா, அருங்காட்சியகம். போகிறபோக்கில் டோக்கியோவையும் சேர்த்துவிடுங்கள்.

நடைராஜா:

இந்த ஒரு விஷயத்தில் மூட்டைமுடிச்சு சொல்வதற்குக் கையெழுத்துப் போடுகிறேன். தங்குவதே ஓடாமல் இருக்கத்தான். மதியம் வந்து இறங்குங்கள், முதலில் அசுரன், பிறகு பெரியவர்களுக்கு ஓய்வு, நாலு மணிக்குப் பேருந்தில் தோதாய்ஜி பக்கம் போய் மெதுவாக நிகாட்சுதோ. காலை எட்டு மணிக்குப் புத்தர், அங்கிருந்து காசுகா. காசுகாவில் மூவாயிரம் விளக்கு, கல்லிலும் வெண்கலத்திலும், எல்லாவற்றையும் ஏற்றுவது பிப்ரவரி தொடக்கத்திலும் ஆகஸ்ட் 14, 15லும்தான், ஆனால் உள்ளே ஓர் இருட்டு அறையில் சில விளக்குகள் எப்போதும் எரியும். அவ்வளவுதான். மற்றதெல்லாம் அடுத்த தடவை.

அரைடிக்கெட்:

திரும்பி வந்து பத்து நாள் ஆகிறது. இழைக்குக் கடன்பட்டிருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

முதலில் வருத்தம். நாரா விடுதி. பழைய வீட்டை மாற்றிய தங்குமிடம், படத்தில் மரச்சட்டச் சன்னல், பாய் விரித்த அறை, மயங்கிவிட்டேன். பாய் என்றால் படுக்கையும் தரையில்தான் என்பது எனக்கு உறைக்கவில்லை. அப்பா படுத்துவிட்டார், எழுந்திருக்க முடியவில்லை. ராத்திரி இரண்டு தடவை நானும் மனைவியும் ஆளுக்கொரு கை பிடித்துத் தூக்கினோம். கட்டில் உள்ள அறை வேண்டும் என்று முன்பே எழுதியிருந்தேன், "சரி" என்று பதிலும் வந்தது, போய்ப் பார்த்தால் இரண்டு மெத்தையை ஒன்றன்மேல் ஒன்று போட்டு வைத்திருந்தார்கள். பெயர் வேண்டாம், முழங்கால் வலி உள்ளவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் படத்தில் கட்டிலின் கால் தெரிகிறதா என்று பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

சாப்பாடு, மூட்டைமுடிச்சு அண்ணன் சொன்னது நடந்தது. எட்டேகாலுக்கு வெளியே போனோம், நிலையம் பக்கத்துக் கடைத்தெருவில் பாதி அடைத்திருந்தது. புளிக்காய்ச்சல் காப்பாற்றியது. தயிர்சாதம், உங்கள் காலில் விழ வேண்டும். காலையில் சாகயு கிடைத்தது, அம்மா இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு "உப்பு போட மறந்துவிட்டார்கள், மற்றபடி நல்ல கஞ்சி" என்று தீர்ப்பு சொன்னார். நாராசுகே அப்பா மட்டும் சாப்பிட்டார், கேள்வி கேட்காமல்.

அருங்காட்சியகச் சீட்டு கிடைக்கவில்லை, நாங்கள் தேடியபோது எங்களுக்குத் தோதான நேரமெல்லாம் தீர்ந்திருந்தது. பழையகல் சொன்ன அன்றே எடுத்திருக்க வேண்டும். அசுரனைப் பார்த்தோம். அப்பா கால் மணி நேரம் அப்படியே நின்றார். கண்ணாடிக்குள் இல்லாமல் நேராக நிற்கிறது, நான் நினைத்ததைவிடச் சின்னது, முகம் மூன்றும் வேறு வேறு வயது மாதிரி. பெயர்ப்பலகை விளையாட்டில் மகள் "கருரா" என்று படித்து, தானே "கருடா!" என்று கத்திவிட்டாள், காவலர் உதட்டில் விரல் வைத்தார்.

நிகாட்சுதோவுக்குப் போகும் சரிவைப் பாதி வரை சமாளித்த அப்பா, கடைசிப் படிகளுக்குக் கீழே உட்கார்ந்துவிட்டார், கூட அம்மாவும். நாங்கள் மூவரும் மேலே போனோம். நடைராஜா சொன்ன ஏழெட்டுப் பேர் இல்லை, முப்பது பேராவது இருந்தார்கள், பெரிய கேமராவோடு. ஆனாலும் யாரும் பேசவில்லை என்பது உண்மை. இறங்கி வந்தபோது நன்றாக இருட்டிவிட்டது, அம்மாவும் அப்பாவும் உட்கார்ந்திருந்த கல்லுக்குப் பக்கத்தில் இரண்டு மான் படுத்திருந்தன, அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவற்றைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

காலை எட்டு மணி. தெற்கு வாசலில் அந்த இரண்டு காவல் வீரர்கள், எட்டு மீட்டருக்கு மேல் உயரம், 1203ல் 69 நாளில் செதுக்கி முடித்தார்களாம், மற்ற கோவில் போல வெளியே பார்க்காமல் ஒருவரையொருவர் பார்த்து நிற்கிறார்கள், நடுவில் போகிற ஆளுக்கு இரண்டு பக்கமும் முறைப்பு. உள்ளே போய் நிமிர்ந்து பார்த்ததும் மகள் கேட்டது: "இவர் எழுந்து நின்றால் கூரை என்ன ஆகும்?"

வெளியே வந்ததும் மண்டபத்தை ஒட்டிச் சிவப்புத் துணி போர்த்திய மரச்சிலை ஒன்று, பின்சுரு என்று பெயர். புத்தரின் சீடர் பிண்டோல பாரத்வாஜராம். நமக்கு எங்கே வலியோ சிலையில் அந்த இடத்தைத் தொட்டுவிட்டு நம் உடம்பில் தொட வேண்டும். அப்பா இதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை, நாற்பது வருடம் கணக்கு வாத்தியார். சுற்றிப் பார்த்தார், நாங்கள் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டோம், சிலையின் வலது முழங்காலைத் தொட்டார். அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டு இடது முழங்காலையும்.

சிங்கைக்காரி:

இடது முழங்கால் முன்ஜாக்கிரதை, சரியான கணக்கு வாத்தியார்!

கடைசிப்பெட்டி:

இழை முழுக்கப் படித்தேன், நன்றி. எனக்கு மார்ச் 10 முதல் 14 வரை ஒசாகாவில் அலுவலக வேலை, சாயங்காலம் மட்டும்தான் நேரம். நாரா போக முடியுமா, எல்லாம் மூடியிருக்குமா?

ஒசாகாவாசி:

உங்களுக்கு அடித்தது யோகம். மார்ச் 1 முதல் 14 வரை நிகாட்சுதோவில் ஷுனியே நடக்கும், 752ல் தொடங்கி ஒரு வருடம்கூட நிற்காத சடங்கு. ராத்திரி ஏழு மணிக்கு ஆளுயரத்தைவிட நீளமான தீப்பந்தங்களை மாடத்தின் விளிம்பில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், கீழே நிற்கிறவர்கள் மேல் பொறி கொட்டும், அது நல்லதாம். 12ஆம் தேதி எல்லாவற்றிலும் பெரிய பந்தம், அதற்கேற்ற கூட்டம், தொலைவிலேயே நிறுத்திவிடுவார்கள். 14 சீக்கிரம் முடிந்துவிடும். நீங்கள் 10 அல்லது 11 போங்கள், ஒசாகாவின் நம்பா நிலையத்திலிருந்து கின்டெட்சுவில் நாற்பது நிமிடம், ஐந்தரைக்காவது அங்கே இருங்கள், குளிர் கடுமையாக இருக்கும். நைலான் சட்டை வேண்டாம், பொறி பட்டால் ஓட்டை விழும்.